இடது கால் பாக்கி

விரல் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய். ஐந்தையும் சேர்த்து எடுத்தால் இருநூறு. என் மச்சான் அழகிரி தன் இடது கால் விரல்களுக்கு வைத்த விலை இது. மரத்துப்போன விரல்களுக்கு மறுபடி உணர்ச்சி வரவழைத்துத் தர, ஸ்ரீரங்கம் வடக்கு உத்தர வீதியில் வைத்தியர் வேதாந்தம் ஐயங்காரின் கூடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மொத்த வியாபார ரேட் கேட்டார்.

வைத்தியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சில்லறைக்கும் உண்டோ?"

"சில்லறைன்னா பெருவிரல் மட்டும் போதுங்க சாமி. நடக்க அதுதானே முக்கியம்."

ஐம்பத்தெட்டாம் வருஷம் அது. நயா பைசா வந்துவிட்டது. கடைவீதியில் பாதிப் பேர் இன்னும் அணாவில்தான் கோபப்பட்டுக்கொண்டிருந்தார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் மச்சானுக்கு ஜவுளி மொத்தக் கடை. துண்டு, நாலு முழம், எட்டு முழம். எதிரில் என் பாத்திரக் கடை. அவர் மனைவி வள்ளிக்கண்ணு என் அக்கா. தொட்டியத்து வாழைத் தோப்பை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு இங்கே வந்த மனிதர் கற்றுக்கொண்ட வித்தை ஒன்றே ஒன்று: இருப்பு முழுவதையும் எதிராளிக்குக் காட்டக்கூடாது. முதலில் மட்டமான மூட்டையைப் பிரிப்பார். வந்தவர் முகம் சுளித்தால் நடுத்தரம் வரும். நல்ல சரக்கு, "இது வேற ஆளுக்கு எடுத்து வச்சது" என்ற முனகலோடு கடைசியில் வரும். கடையோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதர் டாக்டர்களிடமும் அப்படியே நடந்துகொண்டார்.

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. ஐப்பசியில் ஒரு காலை, மச்சானும் நானும் சந்துக்குள் திரும்பும்போது பூக்காரி ராக்கம்மாள் பின்னாலேயே ஓடிவந்தாள். கையில் ஒற்றைச் செருப்பு.

"ஐயா, இடது கால் செருப்பைத் தெப்பக்குளத்தண்டையே வுட்டுட்டு வந்துட்டீங்களே!"

மச்சான் குனிந்து பார்த்தார். வலது காலில் செருப்பு இருந்தது. இடது காலில் சேறு மட்டும் இருந்தது.

"புதுச் செருப்பு, லூசா இருக்கு" என்றார்.

"எது, தேஞ்சு ஓட்டையாகிப் போன இதுவா புதுசு?" என்று ராக்கம்மாள் அதைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பத்து நாள் கழித்துச் சிரிப்பு நின்றது. கடையில் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தி சரிந்து விழுந்திருக்கிறது. நான் விலை பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தவன், "கருகல் வாடை வருதே மச்சான், துண்டு பத்திக்கிச்சா?" என்றேன். பற்றியது துண்டு இல்லை. பத்தியின் நெருப்பு அவர் இடது காலின் இரண்டாவது விரல்மேல் கிடந்தது. தோல் கொப்பளித்திருந்தது. அவர் முழம்போட்டுக்கொண்டிருந்தார்.

நான் தட்டிவிட்டேன். அவர் விரலையே பார்த்தார். பிறகு வேட்டியை இழுத்து மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல. லேசா மரத்திருக்கு" என்றார்.

அன்று ராத்திரி அவர் வீட்டில் சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. கடைக்கே சாப்பாட்டை வரவழைத்துக்கொண்டார். தட்டும் தம்ளரும் தனியாக வாங்கினார். சரக்கு வருகிறது, லாரி வருகிறது என்று சொல்லிக் கடையிலேயே படுத்தார். லாரி எதுவும் வரவில்லை. எனக்குத் தெரியாதா, எதிர்க்கடையில் இருப்பவனுக்கு?

உறையூர் வீட்டில் அவர் மகள் ரங்கநாயகி பிரசவத்துக்கு வந்து தங்கியிருந்தாள். துறையூரில் கட்டிக்கொடுத்த பெண். தலைப்பிரசவம், பெண் குழந்தை, கோதை என்று பெயர். ஊதுபத்தி விழும் நாள் வரைக்கும் மச்சான் வீட்டுக்கு வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு நேராகத் தூளிக்குத்தான் போவார். கோதையை மார்பில் போட்டுக்கொண்டு படுப்பார். அது அவர் மீசையைப் பிடித்து இழுக்கும். "இந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாதுடி அம்மா" என்பார். இப்போது எப்போதாவது வந்தால் வாசலிலேயே நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

டாக்டரிடம் போகத்தான் போனார். துணைக்கு நான். பெரிய கடைவீதியில் ஒரு டாக்டர், எங்கள் கடைவீதிக்காரர்கள் யாரும் போகாத நேரமாகப் பார்த்து. உள்ளே போனதும் மச்சான், "ரெண்டு காலும் விரல் மரத்துப் போகுதுங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் காலை மிதித்தார். எந்தக் காலால் மிதித்தார் என்று கேட்காதீர்கள், வலி எனக்குத்தான்.

இரண்டு கால் என்றதும் டாக்டர் சர்க்கரை வியாதி என்றுதான் முதலில் நினைத்தார். நீர் வாங்கி நீல மருந்து ஊற்றிக் காய்ச்சினார். நீலமாகவே இருந்தது, சர்க்கரை இல்லை.

"தண்ணி போடுவீங்களா?"

"காவேரித் தண்ணிங்க."

மெஷினில் தீட்டின வெள்ளை அரிசியாலும் இப்படி வரும், கைக்குத்தலுக்கு மாறுங்கள், செருப்பு இறுக்கமாக இருக்கக்கூடாது என்று சொல்லி ஒரு சீட்டில் சத்து மாத்திரை எழுதித் தந்தார். வெளியே வந்ததும் மச்சான் கணக்கு ஒப்பித்தார்.

"சர்க்கரை, சாராயம், அரிசி, செருப்பு. நாலு ரகம் விரிச்சுப் போட்டுட்டாரு மாப்ளே. எதை எடுக்கறதுன்னு சொல்லலே."

"ஒத்தைக் கால்தானே மரத்திருக்கு? ரெண்டுன்னு ஏன் சொன்னீங்க?"

"ஒத்தைக் கால்னா வேற மாதிரி நினைப்பாங்க."

"வேற மாதிரின்னா?"

டவுன் பஸ் வந்தது, ஏறினோம், பாலம் தாண்டி ஸ்ரீரங்கம். அப்படித்தான் வைத்தியர் கூடத்தில் விரல் ஒன்றுக்கு ஐம்பது என்று பேரம் ஆரம்பித்தது.

வைத்தியரிடம் மச்சான் செருப்பையும் சொல்லவில்லை, ஊதுபத்தியையும் சொல்லவில்லை. நடந்தால் அசதி, விரலில் கொஞ்சம் மதமதப்பு, வயசாச்சில்லையா, அவ்வளவுதான். வைத்தியர் நாடி பார்த்தார். பிறகு எழுந்து வாசல் பக்கம் போய், நாங்கள் கழற்றிவிட்டிருந்த செருப்புகளைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார்.

"வலது பாதரட்சை நேரா தேஞ்சிருக்கு. இடது மட்டும் நுனியிலே தரையோட உரசித் தேஞ்சிருக்கு. அந்தப் பாதத்தைத் தூக்கி வைக்க முடியறதில்லையோ?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சாமி."

"ஓய், பாதி ரோகத்தைச் சொல்லிப் பாதியை மூடி வைச்சா, நான் பாதி சரீரத்துக்குன்னா ஔஷதம் கொடுக்கணும்? எந்தப் பாதிக்குன்னு பெருமாளுக்குத்தான் வெளிச்சம். தைலம் விக்கறவனா இருந்தா உம்மகிட்ட இப்பவே ரெண்டு குப்பி தள்ளியிருப்பேன். பாலக்கரைக்கு அந்தண்டை ரோசரின்னு ஒரு டாக்டரம்மா இருக்கா. நரம்பு விஷயத்திலே கெட்டி. நேரா அங்கே போம்."

ரோசரி டாக்டர் என்ற பெயரைக் கேட்டதும் மச்சான் முகத்தில் ஈ ஆடவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் காவேரியைப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னவென்று எனக்கு விளங்கவில்லை. அந்த டாக்டரிடம் எந்த நோய்க்காரர்கள் அதிகம் போகிறார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வாரம் புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். ரங்கநாயகி குழந்தைத் துணிகளை மடித்து டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே புறப்பாடு?"

"வெள்ளிக்கிழமை துறையூர் போறேன் மாமா."

"பொங்கல் கழிச்சுத்தானே பேச்சு?"

"யாருக்காக இருக்கிறது? அப்பா புள்ளையைத் தொட்டு ஒரு மாசமாகுது. கடன்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி வாசல்லயே நின்னுட்டுப் போறாரு. ஆம்பளப் புள்ளையா இருந்தா இப்படி நிப்பாரா?"

"சேச்சே, உங்கப்பா அப்படி ஆளா?"

"அப்ப வேற என்னன்னு சொல்லுங்க."

அவள் டிரங்குப் பெட்டியைச் சாத்தினாள். "இப்ப போனா இனி நான் வரப்போறதில்ல மாமா. அடுத்தது பிறந்தாலும் துறையூர்லயே பிறக்கட்டும்."

அக்கா அடுப்பங்கரையில் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது.

நேராகக் கடைக்கு வந்து, மச்சான் முன்னால் உட்கார்ந்து, வரிக்கு வரி ஒப்பித்தேன். பொட்டப்புள்ளை என்பதால் ஒதுக்குகிறார் என்று மகள் நினைக்கிறாள் என்றதும் அவர் கையிலிருந்த முழக்கோல் நழுவியது.

"மாப்ளே, பெருவியாதி எப்படி ஆரம்பிக்கும்னு தெரியுமா?" என்றார்.

குஷ்டத்தை அப்படித்தான் சொல்வோம். நான் முழக்கோலை எடுத்து மெத்தைமேல் வைத்தேன்.

"மரத்துப்போய்த்தான் ஆரம்பிக்கும். சுட்டாத் தெரியாது. எங்க தோப்புல வேலை பார்த்த ஒருத்தரு, கால்ல முள்ளோட நாள் பூரா நடந்தாரு; அவருக்கே தெரியலே. அப்புறம் ஊரே ஒதுக்கிடுச்சு. நான் அந்தப் புள்ளையை எப்படித் தொடுவேன்?"

"ரோசரி டாக்டர்கிட்ட கேட்டுட வேண்டியதுதானே?"

"கேட்டு, ஆமான்னுட்டா? கேக்காத வரைக்கும் பாதி நம்பிக்கையாவது நம்பளுது. துறையூர்க்காரங்க காதுல விழுந்தா ரங்கநாயகியையும் புள்ளையையும் வீட்டுக்குள்ள சேப்பாங்களா?"

"வெள்ளிக்கிழமை அவ கிளம்பிட்டா அந்தப் பாதியும் நம்பளுது இல்ல மச்சான்."

எதிராளி சொன்ன விலை நியாயம்தான் என்று தெரிந்துவிட்டால் அவர் தொண்டையைக் கனைப்பார். கனைத்தார்.

"நாளைக்குக் காலையில. ஜட்கா வண்டியில போவோம். திரை போட்ட வண்டியா பாரு."

ரோசரி டாக்டரின் வீட்டோடு சேர்ந்த ஆஸ்பத்திரி சின்னது. முன்னால் ஒரு வேப்பமரம், அதனடியில் ஒரே ஒரு பெஞ்சு. காய்ச்சல்காரர், இருமல்காரர், அந்த நோய்க்காரர் எல்லோருக்கும் அதே பெஞ்சுதான். மச்சான் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மூடிக்கொண்டு வெயிலில் நின்றார். துண்டு அவர் கடைச் சரக்கு. ஓரத்தில் கடை முத்திரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தொங்கியது.

பெஞ்சில் இருந்த ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். அவர் கைவிரல்கள் பாதிதான் இருந்தன. அந்தக் கையாலேயே பலகையைத் தட்டித் துடைத்தார்.

"உட்காருங்க ஐயா. எதுக்கு வெயில்ல நிக்கிறீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு போய் உட்கார்ந்தார்.

டாக்டரம்மா குள்ளமான மனுஷி, வேகமான கை. மச்சானைக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னார். "பஞ்சால தொடுவேன். தொடறது தெரியறப்பல்லாம் 'ம்' சொல்லுங்க."

"ம்" என்றார் மச்சான்.

"நான் இன்னும் தொடவே இல்லை."

"சும்மா முன்கூட்டியே…"

"அட்வான்ஸெல்லாம் இங்க வாங்கறதில்லை. தொட்டா மட்டும் சொல்லுங்க."

வலது காலில் எல்லா விரலுக்கும் 'ம்' வந்தது. இடது காலில் விரல்கள்மேலும் பாதத்தின் மேற்புறத்திலும் பஞ்சு போய்வந்துகொண்டே இருந்தது. மச்சான் கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று காத்திருந்தார். எழுந்து குதிகாலில் நிற்கச் சொன்னார் டாக்டர். வலது பாதம் தூக்கியது. இடது பாதம் தரையிலேயே கிடந்தது.

பெரிய கடைவீதி டாக்டரின் சீட்டை எடுத்துப் பார்த்தார். "ரெண்டு காலும்னு எழுதியிருக்கே?"

"அது பேச்சுக்குச் சொன்னதுங்க."

"நல்ல பேச்சு. ரெண்டு கால்னா சர்க்கரை, சத்துக்குறைவுன்னு உடம்பு பூராவும் தேடுவோம். ஒத்தைக் கால்னா அந்தக் கால்ல நரம்பு எங்க மாட்டியிருக்குன்னு தேடுவோம். விலாசத்தை மாத்திக் கொடுத்துட்டுத் தபால் வரலேன்னா யார் என்ன பண்றது?"

ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி முதுகு, வயிறு, காது மடல் எல்லாம் பார்த்தார். எங்கேயாவது தேமல் இருக்கிறதா என்று தேடினார். முதுகெலும்பைத் தட்டினார். முழங்கையில் நரம்பை உருட்டினார். கடைசியாக இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம், எலும்பு முட்டி நிற்கிற இடத்தில் விரலை வைத்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"இது என்ன காய்ப்பு? நேர்கோடா, கறுப்பா?"

"பிறந்ததிலேர்ந்தே உண்டுங்க."

"பிறக்கும்போதே கோடு போட்டா பிறந்தீங்க?"

மச்சான் கதவைப் பார்த்தார். "மாப்ளே, அதைச் சாத்து." சாத்தினேன். "தாழ்ப்பாள்." போட்டேன். பெருவியாதி என்ற சந்தேகத்தைக்கூட இவ்வளவு பந்தோபஸ்து இல்லாமல்தான் என்னிடம் சொன்னார். டாக்டரம்மா பக்கம் குனிந்து, உதடு அசையாமல் சொன்னார்.

"கல்லாப்பெட்டிங்க."

ஆடி மாசம் எங்கள் சந்தில் ஒரு கடையில் பட்டப்பகலில் கல்லா போய்விட்டது. மறுவாரமே மச்சான் தட்டையாக ஒரு தேக்குப் பெட்டி செய்து, நாலு ஓரத்திலும் இரும்புப் பட்டி அடித்து வாங்கியிருக்கிறார். மெத்தையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, இடது முழங்காலுக்குக் கீழே பெட்டியைத் தள்ளி, மேலே வேட்டியை இழுத்து விட்டால் யாருக்கும் தெரியாது. கடை திறந்தது முதல் சாத்துகிற வரைக்கும் அதே இருப்பு. சரக்கை எடுத்துப்போட ஆள் உண்டு. வந்தவர்களை வழியனுப்பக்கூட எழுந்திருப்பதில்லை. பெரிய மனுஷத் தோரணை என்று நாங்கள் நினைத்தோம். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என் முழங்காலைத் தூக்காம எவனும் பெட்டியைத் தொட முடியாதுங்க" என்றார், அந்த நிலையிலும் பெருமையாக.

டாக்டரம்மா அவர் விரலைப் பிடித்து வலது முழங்காலில் அதே இடத்தில் வைத்தார். "உருட்டிப் பாருங்க. கயிறு மாதிரி ஒண்ணு உருளுதா? கால் மேல்பக்கத்துக்கும் விரல்களுக்கும் போற நரம்பு அது. அந்த இடத்துல எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல வேற சதை கிடையாது. நாலு மாசமா அதை இரும்புப் பட்டியில வச்சு நசுக்கியிருக்கீங்க."

"அப்ப அது இல்லையா?"

"எது?"

மச்சான் தாழ்ப்பாளை மறுபடி பார்த்தார்.

"பேரைச் சொல்லுங்க. சொன்னதால ஒண்ணும் ஒட்டிக்காது."

"பெருவியாதி."

"இல்லை. தேமல் இல்லை, நரம்பு எங்கயும் தடிக்கலை, மத்த இடத்துல உணர்ச்சி சரியா இருக்கு. சர்க்கரைக்கு இன்னொரு தரம் பார்த்துடறேன். பெட்டியை இன்னிக்கே எடுத்துடணும். சப்பணம் கூடாது, நாற்காலி. ஆறு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க. தேறலைன்னா மறுபடி தேடுவோம்." பஞ்சைக் கூடையில் போட்டவர் திரும்பிப் பார்த்தார். "இன்னொண்ணு. அதுவே வந்திருந்தாலும் இப்ப மாத்திரை இருக்கு. வெளிய உங்களுக்கு இடம் விட்டாரே, அவர் சாப்பிட்டுட்டுத்தான் இருக்கார். பேரனைத் தோள்ல தூக்கிட்டு வருவார்."

மச்சானுக்குப் பழைய குரல் திரும்பி வந்திருந்தது.

"ஆறு வாரத்தை நாலா முடிச்சுக் கொடுங்களேன்."

"நரம்புகிட்ட பேசிப் பாருங்க. எனக்குக் கமிஷன் வேண்டாம்."

வெளியே வந்ததும் தலையில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர் முன்னால் நின்று, "உங்க பேரன் பேரென்னங்க?" என்று கேட்டார். "தைரியராஜ்" என்றார் அவர், பல்லெல்லாம் தெரிய. ஜட்காவில் ஏறியதும் மச்சான் திரையைச் சுருட்டிக் கட்டச் சொன்னார். உறையூர் வரைக்கும் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டில் டிரங்குப் பெட்டி வாசலுக்கு வந்திருந்தது. மச்சான் அதைச் சுற்றிக்கொண்டு போனார். கை கால் கழுவினார். ரங்கநாயகி மடியில் இருந்த குழந்தையை ஒரு வார்த்தை பேசாமல் தூக்கினார். கோதை அவரைக் கொஞ்ச நேரம் யாரோ என்று பார்த்தது. பிறகு மீசை ஞாபகம் வந்துவிட்டது.

அப்புறம் எல்லா மூட்டையையும் ஒரே தடவையில் பிரித்துப் போட்டார். செருப்பு, ஊதுபத்தி, பயம், கல்லாப்பெட்டி, எதுவும் பாக்கி வைக்கவில்லை. ரங்கநாயகி பாதியிலேயே அழ ஆரம்பித்து, முடியும்போது திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னப்பா? நான் என்னென்னமோ நினைச்சுட்டேனே!"

"பெட்டி விஷயத்தைக் கட்டினவகிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"உன்கிட்ட சொன்னா நீ உன் தம்பிகிட்ட சொல்லுவே" என்றார் மச்சான். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் டிரங்குப் பெட்டியை உள்ளே தூக்கி வைத்தேன்.

மறுநாள் கடையில் மெத்தையை எடுத்துவிட்டு நாற்காலி போட்டார். அழகிரிக்கு மிதப்பு வந்துவிட்டது, விலையும் ஏறிவிடும் என்று கடைவீதியில் ஒரு வாரம் பேச்சாக இருந்தது. அதை நம்பிப் பழைய விலைக்கே அவசரமாகச் சரக்கெடுத்தவர்களும் உண்டு. பெட்டி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. டாக்டரம்மாவுக்கு மட்டும் தெரியுமாம். அடுத்த தடவை காட்டப் போனபோது, அவர் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மச்சானை வீட்டுக்கு விட்டாராம்.

ரங்கநாயகி பொங்கலுக்கும் இருந்தாள். கூட்டிப்போக வந்த துறையூர் மாப்பிள்ளை, நிலவரத்தைப் பார்த்து மாசிக்குத் தவணை கொடுத்துவிட்டுப் போனார். தினமும் கடை சாத்தி வந்ததும் மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு, இடது காலை நீட்டுவார். ரங்கநாயகி குழந்தையைக் காலடியில் உட்காரவைத்துப் பிடித்துக்கொள்வாள். கோதை அதன் இஷ்டத்துக்கு ஒரு விரலைப் பிடிக்கும். எந்த விரல் என்று இவர் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் 'ம்' கிடையாது.

தை பிறந்து ஒரு வாரத்தில் இடது கால் நிலவரம் இது: சுண்டுவிரல் வரவு. அடுத்தது வரவு. நடுவிரல் வரவு. ஊதுபத்தி சுட்ட விரல் பாதி வரவு. பிடித்தால் தெரியவில்லை, கடித்தால் தெரிகிறது. பெருவிரல் பாக்கி. கோதை தினமும் வசூலுக்கு வருகிறாள்.